மூன்றாவது கீல்

அம்போசோ மலையூரில் வருஷத்துக்கு நாற்பது நாள் சத்தம் கிடையாது. மேளம் கிடையாது, சாவு விழுந்தால் ஒப்பாரி கிடையாது, ஃபூஃபூ இடிக்கிற உலக்கை கிடையாது. திருவிழாவுக்கு முன்னால் மூதாதைகள் கண்ணயர்கிறார்கள், எழுப்பக் கூடாது. மரவள்ளியையும் வாழைக்காயையும் அவித்து இடித்து, உருட்டி, சாற்றில் முக்கி விழுங்கினால்தான் சாப்பிட்டதாக ஒத்துக்கொள்கிற ஜனங்கள், அந்த நாற்பது நாளும் அவித்த வள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் துஷ்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிவார்கள்.

முப்பத்து மூன்றாம் நாள் மதியம் ஃபிட்டர் லார்பி பட்டறை வாசலில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பது ஒன்றுதான் சத்தமில்லாத வேலை. அந்தக் கார்புரேட்டரை அவன் ஒன்பது நாளாகத் துடைக்கிறான்.

மேட்டிலிருந்து ஒச்சியாமே அசாரே இறங்கி வந்தார். ஒச்சியாமே என்றால் ஊர்த்தலைவரின் வாய். தலைவருக்கு நனா என்பது பட்டம், அவர் பொதுவில் வாய் திறக்க மாட்டார். அவர் முணுமுணுப்பதை வாங்கி, ஜரிகை கட்டி, ஊருக்குச் சொல்வது அசாரேயின் பரம்பரை உத்தியோகம். கையில் தங்க முலாம் பூசிய கோல் இருக்கும். முன்னால் ஒருத்தன் குடை பிடிக்காமல் அவர் வாசல் தாண்டி யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குக் குடையும் இல்லை, ஆளும் இல்லை. கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறார்.

லார்பி கார்புரேட்டரைக் கீழே வைத்தான். போன வருஷம் இதே ஆள் இதே வழியாக வந்தார். அன்றைக்குக் குடையோடு.

"ஃபிட்டர், சுத்தியல எடுத்துக்கிட்டு வா. கேள்வி கேக்காத."

"சுத்தியல் இல்லீங்க."

"ஃபிட்டருக்குச் சுத்தியல் இல்லியா?"

"நாப்பது நாளைக்கு அது எம் பொண்டாட்டி பெட்டியில இருக்கும். துணிக்கு அடியில. நீங்க சொல்லித்தானே வச்சேன்."

அசாரே கோலை ஓர் அக்குளிலிருந்து மற்றதுக்கு மாற்றினார்.

போன வருஷம் இருபதாம் நாள், தக்காளி ஏற்றிய லாரி ஒன்று பட்டறைக்கு எதிரில் முன்சக்கரம் சாய்ந்து நின்றது. தக்காளி அழுகுதே என்று டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். லார்பி மூன்று அடி அடித்தான். எண்ணி மூன்று. அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவன் மனைவி அயிசிபியாவுக்கு ஏழாம் மாசத்திலேயே வலி கண்டு குழந்தை உயிரில்லாமல் வந்தது. அரண்மனை முற்றத்தில் அசாரே கோலைத் தரையில் ஊன்றி, தூங்குகிற மூதாதையரின் காதில் இரும்பை அடித்தவன் இவன், மூன்று அடிக்கு ஓர் உயிர் போயிற்று என்று அழகான சொற்களில் சொன்னார். ஓர் ஆடும் இரண்டு புட்டி ஜின்னும் அபராதம். ஆட்டை அன்றைக்கே அறுத்துச் சாப்பிட்டார்கள். மூன்று அடியை லார்பி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது அயிசிபியாவுக்கு ஒன்பதாம் மாசம்.

"இருக்கறத எடுத்துக்கிட்டு வா, நடக்கும்போது சொல்றேன்" என்றார் அசாரே.

லார்பி ஒரு திருகு கிளாம்பு, சவர பிளேடு, மண்ணெண்ணெயில் பிரேக் ஆயில் கலந்த சீசா, நாலைந்து நட்டு, ஒரு துண்டு எஃகுக் கம்பி, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டான்.

நடக்கும்போது அசாரே சொன்னார். "நனா தியானத்துல இருக்கார்."

"சரிங்க."

"கார்ல இருக்கார்."

"கார்லயா? நாப்பது நாளும் அரண்மனைக் கூடத்த விட்டு எறங்கக் கூடாதுன்னு..."

"மூதாதைங்களோட பேசறதுக்குத் தனியான எடம் வேணும்னு எறங்கினார். கதவு சாத்திக்கிச்சு. தொறக்க மாட்டேங்குது. மூணு மணி நேரம் ஆச்சு."

அரண்மனைக் காரைப் பற்றி ஊருக்குத் தெரியாதது இல்லை. முந்தின தலைவர் வாங்கிப் போட்ட கறுப்பு வண்டி. வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவர் ஏறிய வண்டி என்று அரண்மனை சொல்லும், மரம் வெட்டுகிற கம்பெனிக்காரன் விற்றுவிட்டுப் போனது என்று ஊர் சொல்லும். ஆறு வருஷமாக எஞ்சின் ஓடியதில்லை. திருவிழா அன்று பன்னிரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, டிரைவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கியர் போடுவதாக நடிப்பான். நனா பின்சீட்டில் உட்கார்ந்து நான்கு விரலை அசைப்பார். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடித்த கண்ணாடித் தடுப்பு. இடது பின்கதவு நாலு திருவிழாவுக்கு முன்னால் ஊர்வலத்தில் தானாகத் திறந்து நனாவின் செருப்பைத் தெருவில் தள்ளியதால், அதை லார்பியே போல்ட்டு போட்டு நிரந்தரமாக இறுக்கிவிட்டான். மிச்சமிருப்பது வலது கதவு மட்டும்.

கார் அரண்மனைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. கொட்டகைக்குப் பின்னால் ஆளுயர மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் பூசாரியின் ஆட்கள் நடமாடும் பாதை. காலை மூடுபனி கலைந்து, மழைக்கு முந்தின வெயில் தகரத்தில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

கார் சன்னல்களுக்குத் திரை போட்டிருந்தது. வலது கண்ணாடி நான்கு விரல் அகலம் இறங்கி, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. அந்த இடுக்கில் லார்பி குனிந்தான். மூதாதைகளின் வாசனை வரவில்லை. பனங்கொட்டைச் சாறு, இஞ்சி, புகையில் வாட்டிய காட்டு எலிக்கறி. நனாவின் மடியில் பெரிய மண்சட்டி. அதில் பாதி ஃபூஃபூ.

பக்கத்து ஊரில் சத்தத்தடை கிடையாது. இடித்ததை யார் மலையேற்றிக் கொண்டுவந்தது என்று லார்பி கேட்கவில்லை. அசாரேயின் அங்கவஸ்திரத்தில் ஒரு துளிச் சாறு காய்ந்திருந்தது.

அசாரே இடுக்கில் காதை வைத்தார். நிமிர்ந்தார். "ஆயிரம் யானை சாய்ந்த காட்டில் சாயாமல் நிற்கும் மரமாகிய நனா, ஃபிட்டரின் வருகையை மனமுவந்து ஏற்கிறார்."

உள்ளே இருந்து தெளிவாகக் கேட்டது: "தண்ணி இருக்கான்னுதான் கேட்டேன்."

லார்பி கைப்பிடியைத் திருப்பினான். வெளிப்பிடி சும்மா சுற்றியது. உள்பிடி நனாவின் கையோடு வந்துவிட்டதாம். இடுக்கு வழியாக அதை நீட்டிக் காட்டினார், செய்த தப்பை ஒப்படைக்கிற மாதிரி. கண்ணாடியை உடைக்கலாமா என்றால், அது கல் விழுந்த சத்தம் போடும், அதோடு அது சிம்மாசனச் சொத்து. நனாவோ நாலு விரல் இடுக்கில் வெளியே வருகிற உடம்பு இல்லை.

"கீல் ஆணிய உருவிடலாம்" என்றான் லார்பி. "மூணு கீலும் வெளிப்பக்கம்தான் இருக்கு. ஆணி மூணும் வந்துட்டா கதவ இந்தப் பக்கமா இழுத்து எடுத்துரலாம்."

"எவ்வளவு நேரம்?"

"சுத்தியல் இருந்தா அஞ்சு நிமிஷம்."

"அடிச்சுக்க. அரண்மனை வேலை சத்தத்துல சேராது."

"போன வருஷம் இரும்பு மேல இரும்பு பட்டா எல்லாம் சத்தம்னு சொன்னீங்க."

"அது தக்காளி லாரி. இது சிம்மாசனத்து வண்டி."

லார்பி பிளேடை எடுத்து மேல் கீலில் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தான். கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் இன்னொரு கறுப்பு. ஒவ்வொரு திருவிழாவுக்கும் மேலேயே பூசியிருக்கிறார்கள், ஒரு வருஷமும் யாரும் எண்ணெய் விட்டதில்லை. மலைப்பனியில் ஆணியும் கீலும் ஒரே இரும்பாக ஒட்டிப்போயிருந்தன.

மூன்று கீலுக்கும் மண்ணெண்ணெய்க் கலவையை இறகால் தொட்டு விட்டான். ஊற வேண்டும். ஊறுகிற நேரத்தில் அசாரே ஐந்து முறை சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே இருந்து, "கரியடுப்பு மாதிரி இருக்கு" என்று நனா சொன்னார். அசாரே அதை மொழிபெயர்க்கவில்லை.

மேல் கீலின் தலைப்பக்கம் ஒரு பெரிய நட்டு, அடிப்பக்கம் எஃகுத் துண்டு, இரண்டையும் கவ்வக் கிளாம்பு. லார்பி திருகினான். ஆணியை அடியிலிருந்து திருகு தள்ள, தலை நட்டின் ஓட்டைக்குள் ஏற வேண்டும். திருகு இறுகியது. தோள் இறுகியது. திடீரென்று ஆணி 'க்ரீச்' என்றது.

மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். சுவருக்கு அப்பால் ஒரு கோழி மட்டும் நடந்து போனது.

லார்பி கிரீஸை அப்பினான், ஈரத்துணி சுற்றினான், கால் சுற்றாகத் திருகினான். கால் சுற்று, காத்திருப்பு, கால் சுற்று. முதல் ஆணி வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நடுக் கீல் அசையவில்லை. நெருப்பு காட்டினால் கதவுக்குள் நனா. அரண்மனைச் சலவைக்காரியின் கரி இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கி, கீல் மேல் நிறுத்திச் சூடு பிடித்தான். இரும்பு பழுத்ததும் திருகினான். அதுவும் வந்தது. சூடு கதவு வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். "லார்பி" என்று நனா கூப்பிட்டார், நடுவில் ஆள் இல்லாமல். "எனக்கு மூச்சு முட்டுதுய்யா."

லார்பி என்ன செய்வான்? தலைவருக்கு நேரே பதில் சொல்லக் கூடாது. அசாரேயைப் பார்த்து, "இன்னும் ஒண்ணுதான்னு நனாகிட்ட சொல்லுங்க" என்றான்.

"கேட்டுச்சு" என்றார் நனா.

மூன்றாவது கீல் கீழே, மட்கார்டு வளைந்து வரும் இடத்தில் இருந்தது. லார்பி மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தான். கிளாம்பின் தாடை நுழைய அங்கே இடமில்லை. நுழைந்தாலும் பிரயோஜனமில்லை. எந்தக் காலத்திலோ எவனோ கீழேயிருந்து அடித்து ஆணியின் நுனியைக் காளான் மாதிரி பரப்பி வைத்திருந்தான். அழுத்தத்துக்கு அது வராது. அடிக்குத்தான் வரும்.

எழுந்து உட்கார்ந்தான். மண் ஒட்டிய முகத்தோடு, "இது கிளாம்புக்கு வராதுங்க" என்றான்.

அசாரே சலவைக்காரியைக் கூப்பிட்டு, ஃபிட்டர் வீட்டுக்கு ஓடு, சுத்தியலை வாங்கிட்டு வா என்றார்.

அந்த அரை மணி நேரம் லார்பிக்குப் போன வருஷமாக இருந்தது. துணியில் சுற்றி வைத்த சின்னப் பொட்டலம். அயிசிபியா அதைத் தூக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரே அவன் கையைப் பார்த்தது. அவனும் பார்த்தான். அப்புறம் இந்த வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து அவன் பாத்திர மூடியைக்கூட மெதுவாகத்தான் மூடுகிறான்.

கொட்டகை முனையில் சலவைக்காரி வரவில்லை. அயிசிபியா வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் துணிமூட்டை. மேடேறிய மூச்சு சீறியது.

"நீ ஏன் வந்த?" லார்பி பதறி எழுந்தான். "மேட்டுல, இந்த வெயில்ல..."

"எம் பெட்டிய இன்னொருத்தி தொறக்கறதாவது. என்னா ஃபிட்டரே, மொகமெல்லாம் மண்ணு. ஆணி பிடுங்கறியா, கெழங்கு தோண்டறியா?" காரைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்து மோந்தாள். "எலிக்கறி."

"தியானம்" என்றார் அசாரே.

"காட்டு எலியா தியானம் பண்ணுது?"

"பொம்பள, வாய அளந்து பேசு. சுத்தியலக் குடு, போ. ஃபிட்டர், ஒரே அடி. நான் உத்தரவு தர்றேன். இந்த அடிக்குத் தோஷம் கிடையாது."

அயிசிபியா மூட்டையை அவிழ்க்கவில்லை. "போன வருஷத்து அடிக்கு உண்டு, இந்த வருஷத்து அடிக்குக் கிடையாது. ரெண்டும் ஒரே வாய்." காரிடம் போனாள். இடுக்கில் வாயை வைத்தாள். "நனா, நான் அயிசிபியா. ஃபிட்டர் பொண்டாட்டி. ஒண்ணு கேக்கணும்."

அசாரே கோலைக் குறுக்கே நீட்டினார். "நேரா பேசக் கூடாது. என்கிட்ட சொல்லு, நான்..."

"நீங்க தள்ளுங்க. நனா, எங்க வீட்டுக்காரரோட மூணு அடியாலதான் எங்க புள்ள போச்சா?"

உள்ளே சட்டி நகர்கிற ஒலி. வெயிலில் தகரம் மட்டும் சுடச்சுட முறுகியது. லார்பிக்கு அந்தப் பதில் வேண்டாம் போலிருந்தது. ஆமாம் என்றாலும் செத்தான், இல்லை என்றாலும் செத்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றது உள்ளேயிருந்து. அது கூடத்துக் குரல் இல்லை. சிம்மாசனம் ஏறுமுன் கொஃபோரிடுவா பட்டணத்தில் வீடு வீடாகக் காப்பீடு விற்றாரே, அந்த ஆளின் குரல். "அசாரே வந்து சொன்னான். நான் தலையாட்டினேன். அன்னிக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க, ஆடு வேண்டியிருந்துச்சு."

அசாரே கோலின் தங்க முனையை அங்கவஸ்திரத்தால் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கும் துடைப்பது ஒன்றுதான் சத்தமில்லாத வேலையாக இருந்தது.

அயிசிபியா திரும்பினாள். அழவில்லை. மூட்டையை அவிழ்த்துச் சுத்தியலை நீட்டினாள். "கேட்டுச்சில்ல? அடி."

லார்பி வாங்கினான். மரப்பிடி அவன் உள்ளங்கைக்கு ஒன்பது வருஷமாகப் பழகியது. இன்றைக்கு யாருடையதோ மாதிரி இருந்தது. எஃகுத் துண்டை ஆணிமேல் வைத்தான். கை ஓங்கியது. நின்றது. இறங்கவில்லை.

"முடியலடி."

"அதான் பொய்னு ஆயிப்போச்சே."

"பொய்யின்னு காது கேட்டுருச்சு. கைக்குத் தெரியலயே." அவள் வயிற்றைப் பார்த்தான். "எல்லாரும் தெரியாம சொன்னாங்க. சரி. தெரியாமயே அது நெசமா இருந்துட்டா?"

அசாரேயிடம் சுத்தியலை நீட்டினான். "நீங்க அடிங்க. தோஷம் இல்லேன்னு உத்தரவு குடுத்தவரு நீங்க."

அசாரே ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. "எனக்கு நாலு பேரப்பிள்ளைங்க இருக்கு" என்றார்.

அதைக் கேட்டு அயிசிபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல், வயிறு குலுங்க, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு புருஷனுக்குப் பக்கத்தில் மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தாள். "இந்தா பாரு. மேடேறி வந்தேனில்ல, சுத்தியல வயித்துமேலதான் அணைச்சுக்கிட்டு வந்தேன். உள்ள இருக்கறது அதத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்துச்சு. பயப்படல. நீதான் பயப்படற. பயந்துக்கிட்டே அடி. பயம் போனப்புறம் அடிக்கணும்னா, உள்ள ஒரு மனுஷன் அவிஞ்சிருவாரு."

உள்ளேயிருந்து, "அடிப்பா" என்று மெலிந்து வந்தது.

அரண்மனை மெத்தை ஒன்றை இழுத்துக் கதவுக்கடியில் போட்டார்கள். எஃகுத் துண்டின் தலையில் துணியை மடித்து வைத்தான். அயிசிபியா ஒரு கையால் அவன் தோளைப் பிடித்தாள். லார்பி கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. அடித்தான்.

துணி கிழிந்தது. 'டங்' என்ற சத்தம் தகரத்தில் மோதி, சுவரில் மோதி, பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் இன்னொருத்தன் அடித்த மாதிரி திரும்பி வந்தது. ஆணி தெறித்தது. கதவு மெத்தையைத் தவறவிட்டு மண்ணில் பொத்தென்று சாய்ந்தது. அதன் பின்னால் சட்டி, அதன் பின்னால் நனா, மார்பெல்லாம் பனங்கொட்டைச் சாறு வழிய, ஒரு காலில் செருப்போடு கதவின் மேலேயே உட்கார்ந்த வாக்கில் வந்து சேர்ந்தார்.

ஊரில் ஒரு நாயும் குரைக்கவில்லை.

பிறகு சுவருக்கு அப்பாலிருந்து பூசாரியின் ஆள் கேட்டான். "யாரு இரும்பு அடிச்சது?"

அசாரேயின் கோல் தானாகவே அவன் பக்கம் திரும்பியது, பழக்கதோஷம். வாயும் திறந்தது. "இந்த ஃபிட்..."

"நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்று நனா உரக்கச் சொன்னார்.

சுவருக்கு அப்பால் காலடி நெருங்கியது. "யாருப்பா அது?"

"ஊர்த்தலைவர் பேசறேன்."

"தலைவர் ஒச்சியாமே வாயாலதான் பேசுவார். பதினோரு வருஷமா இந்தக் குரல நான் கேட்டதே இல்ல. எவன்டா நீ?"

நனா அசாரேயைப் பார்த்தார். அசாரே மேலே தகரத்தைப் பார்த்தார். தன் ஊரில் தன் முற்றத்தில் தன்னைத் தானென்று சொல்ல இன்னொருத்தன் வேண்டியிருந்த அந்த மனிதர், சாறு வழியும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இம்மானுவேல்" என்றார். "இம்மானுவேல் ஓவூசு."

"இம்மானுவேலோ எவனோ. காலையில கோயிலுக்கு ஆடு கொண்டாந்துரு."

"கொண்டாரேன்."

காலடி தேய்ந்து போனது. அதற்கப்புறம் யாரும் நனாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் அயிசிபியாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தலை சாய்த்து நின்றாள், கதவுக்குப் பின்னால் யாரோ வருகிறார்களா என்று கேட்கிற மாதிரி.

"அசையுதாம்மா?" என்று நனா தரையிலிருந்தபடியே நேராகக் கேட்டார்.

"இல்ல."

அசாரே தொண்டையைக் கனைத்தார். "ஆயிரம் யானை சாய்ந்த காட்டில்..."

"ஒச்சியாமே" என்றாள் அயிசிபியா, "நாப்பது நாள். சத்தம் போடாதீங்க."

இருவரும் இறக்கத்தில் நடந்தார்கள். சாக்கு லார்பியின் தோளில், சுத்தியல் அவள் கையில். பத்தடிக்கு ஒருதரம் அவன் நின்றான்.

"அசையுதா?"

"நடக்கும்போது தூங்கும். நட."

பலாமரத்துத் திருப்பத்தில் மறுபடி கேட்டான். அவள் நிற்காமல் நடந்தாள். அவள் முகத்திலும் இப்போது சிரிப்பில்லை. மழையின் முதல் துளிகள் புழுதியில் விழுந்தன. பட்டறை தாண்டி, வீட்டு வாசல் வந்தது. அவள் கதவு நிலையில் கை வைத்தவள், அப்படியே நின்றாள். அவன் கையைப் பிடித்து, இழுத்து, வயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று.

அவன் மூச்சு விடவில்லை. இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து, பலமாக, இன்னொன்று. அவன் உதடு அசைந்தது.

"எண்ணாத" என்றாள்.